குரோக்கே உலகப் போட்டிக்கு நான் தகுதிபெற்ற விதம்

எங்கள் கம்பெனி அறிவிப்புப் பலகையில் என் போட்டோவை நான்கு மாதம் ஒட்டி வைத்திருந்தார்கள். கீழே, 'உலக குரோக்கே சாம்பியன்ஷிப்புக்குத் தகுதிபெற்ற நம் தரக்கட்டுப்பாட்டுத் துறை அலுவலருக்கு வாழ்த்துகள்' என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் போட்டிருந்தது. இரண்டு மொழியிலும் தப்பு. நான் தகுதிபெற்றது சாம்பியன்ஷிப்புக்கு அல்ல, அதற்கு முன்னால் நடக்கும் தகுதிச் சுற்றுக்கு. அதாவது, தகுதி இருக்கிறதா என்று சோதித்துப் பார்க்கிற இடத்துக்குப் போகிற தகுதி. அந்தத் தகுதியும் என்னுடையது அல்ல. பலகையில் திருத்தச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. போட்டோவில் நன்றாக இருந்தேன்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் வால்வு செய்கிற கம்பெனி எங்களுடையது. தலைமை அலுவலகம் வெளிநாட்டில். அங்கே உட்கார்ந்திருக்கும் பெரிய தலைவருக்கு குரோக்கே என்றால் பைத்தியம். புல்தரையில் ஆறு இரும்பு வளையங்களை நட்டு, நீளக் காம்பு போட்ட மரச்சுத்தியால் பந்தைத் தட்டி வளையத்துக்குள் விட வேண்டும். யார் பந்து முதலில் நுழைகிறதோ அவருக்கு ஒரு புள்ளி. உடனே எல்லோரும் அடுத்த வளையத்துக்குப் போய்விட வேண்டும். முதலில் ஏழு புள்ளி எடுப்பவர் ஜெயித்தவர். ஆட்டம் இவ்வளவுதான். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு ஆட வேண்டும் என்பதுதான் இதில் கஷ்டமான விதி. எங்கள் பேட்டையில் வெள்ளைச் சட்டை காலை பதினொரு மணி வரைதான் வெள்ளை.

தலைவர் ஒருமுறை இங்கே வந்தபோது நிர்வாகக் கட்டடத்துக்கு முன்னால் இருக்கும் புல்வெளியைப் பார்த்துச் சொக்கிப் போய்விட்டார். அந்தப் புல்வெளி அழகுக்காக வைத்தது அல்ல. கம்பெனி நிலத்தில் இத்தனை பங்கு பச்சையாக இருக்க வேண்டும் என்று மாசுக் கட்டுப்பாட்டு விதியில் இருக்கிறது, அதற்காக வைத்தது. கழிவுநீரைச் சுத்தம் செய்துதான் அதற்குப் பாய்ச்சுகிறோம். அவருக்கு அதெல்லாம் தெரியாது. ஊருக்குப் போனதும் ஒரு மரப்பெட்டி நிறைய சுத்தியும் பந்தும் வளையமும் அனுப்பிவைத்தார், ஊழியர் மன்றம் ஒன்று தொடங்குங்கள் என்ற கடிதத்தோடு.

தலைவர் அங்கே தும்மினால் எங்கள் மனிதவள மேலாளர் இங்கே கைக்குட்டைக்கு டெண்டர் விடுவார். ஒரே வாரத்தில் மன்றம் தயார். செயலாளராக என்னைப் போட்டார்கள். வளையத்துக்கும் பந்துக்கும் நடுவே நூலளவு இடைவெளிதான் இருக்கலாம் என்று விதிப்புத்தகத்தில் இருந்தது, அதை அளக்கத் தெரிந்தவன் நான் என்பதுதான் காரணம். மன்றத்தில் சேர்ந்த மற்றவர்கள் தொடக்கவிழா சமோசா தீர்ந்ததும் காணாமல் போனார்கள். மேலாளர் போட்டோ எடுக்கிற நாளில் மட்டும் சுத்தியைப் பிடிப்பார். என்னோடு ஆட ஆளே இல்லை.

புல்வெளியைப் பார்த்துக்கொண்ட அம்மா ஒருவர் இருந்தார். வயது நாற்பத்தைந்துக்கு மேல் இருக்கும். காண்டிராக்டர் வழியாக வந்தவர், ஆறு வருஷமாக அங்கேயே வேலை. புல் வெட்டுவதற்காக வளையங்களைப் பிடுங்கி, வெட்டி முடித்ததும் திரும்ப நடுவார். ஒரு நாள் சாப்பாட்டு இடைவேளையில் அவரைக் கூப்பிட்டேன்.

"ஆடறியாம்மா?"

"நானா? சுத்தியத் தொட்டா மேனேஜர் சாரு எதுனா சொல்ல மாட்டாரா?"

"அவரு ஏசிய வுட்டு வெளிய வரமாட்டாரு. வா."

முதல் நாள் அவரைத் தோற்கடித்தேன். இரண்டாம் நாளும். மூன்றாம் நாள் அவர் ஜெயித்தார். அதற்கப்புறம் நான் ஜெயித்தது ஒரே ஒரு முறை. அன்றைக்கு அவருக்கு ஜுரம்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். இருபத்தாறு வருஷமாக இரும்பை முடி அளவுக்கு அளக்கிறவன் நான். குனிந்து, ஒரு கண்ணை மூடி, கோணம் பார்த்து அடிப்பேன். பந்து வளையத்தின் காலில் போய் முட்டிக்கொண்டு நிற்கும். அந்த அம்மா சேலை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, எங்கேயோ சம்பந்தமில்லாத திசையில் ஒரு தட்டு தட்டுவார். பந்து வளைந்துபோய் நுழையும்.

"நேரா அடிக்காத சார். அந்த எடத்துல தண்ணி நிக்கும். புல்லு கெயக்கால சாஞ்சிக்கினு கீது. மேக்கால தட்டி வுடு, தானா வரும்."

"விதிப்புத்தகத்துல அப்பிடிப் போடலியேம்மா."

"அத்த எயுதுனவுரு வந்து எங்க புல்லப் பாத்தாரா?"

ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் ஒரு ரஃப் நோட்டில் எழுதிவைப்பேன். தேதி, நேரம், ஆடியவர் இருவர் பெயர், புள்ளி, இருவர் கையெழுத்து. எங்கள் துறையில் இது ரத்தத்தில் ஊறிய பழக்கம். எழுதாதது நடக்கவில்லை என்பதுதான் எங்கள் வேதம். வீட்டில் கேஸ் சிலிண்டர் மாற்றினால்கூடத் தேதி எழுதிக் கையெழுத்துப் போடுகிறவன் நான், என் மனைவி தலையில் அடித்துக்கொள்வாள். அந்த அம்மா நாலாம் வகுப்போடு நின்றவர். ஒவ்வொரு எழுத்தாக நிதானமாக, அழுத்திக் கையெழுத்துப் போடுவார். அடுத்த பக்கத்தில் அது தடவினால் தெரியும்.

இங்கே எங்கள் பேட்டையின் ஒரு சம்பிரதாயத்தைச் சொல்ல வேண்டும். ஒரே இடத்தில் இத்தனை நாள் தொடர்ந்து வேலை செய்ததாக எழுத்தில் இருந்தால், காண்டிராக்ட் ஆள் நிரந்தரம் கேட்கலாம். அதனால் அந்தக் கெடு வருவதற்கு முன்னால் 'பிரேக்' கொடுப்பார்கள். பிரேக் என்றால் வீட்டுக்கு அனுப்புவது என்று நினைத்துவிடாதீர்கள். புல்லுக்கு பிரேக் கிடையாதே. காகிதத்தில் மட்டும் அவர் வேலையை விட்டுப் போய்விடுவார். ஆள், வேறு யாருடைய கேட் பாஸிலோ உள்ளே வந்து தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருப்பார். சில வாரம் கழித்துக் காகிதத்தில் புதிதாகச் சேர்வார். ஆறு வருஷமாக இப்படிப் புதிதாகச் சேர்ந்துகொண்டே இருந்தவர் அவர். சம்பளம் கையில். ஆக, எங்கள் கம்பெனியில் அவர் பெயர் எந்த ரிஜிஸ்டரிலும் ஒழுங்காகக் கிடையாது.

இப்படி நாங்கள் ஆடிக்கொண்டிருந்தபோதுதான் தலைவரிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. உலக சாம்பியன்ஷிப் வருகிறது, நம் தொழிற்சாலை ஒன்றிலிருந்து ஒருவர் கலந்துகொண்டால் பெருமைப்படுவேன், செலவு தலைமை அலுவலகத்துடையது. மேலாளர் என்னைக் கூப்பிட்டு, எப்படிச் சேர்வது என்று படித்துச் சொல்லச் சொன்னார். படித்தேன். ரயில் டிக்கெட் எடுத்துப் பழகியவனுக்குப் புரியாத விஷயமில்லை.

உலகத் தரவரிசையில் மேலே இருப்பவர்களுக்கு நேராக இடம். அவர்கள் கன்ஃபர்ம் டிக்கெட். பிறகு ஒவ்வொரு நாட்டுச் சங்கத்துக்கும் சில இடங்கள், அது கோட்டா. நம் நாட்டுக் கோட்டாவுக்கு வடக்கே பழைய கிளப்புகளில் அப்பா, பிள்ளை, மாப்பிள்ளை என்று வரிசை நிற்கிறது. போட்டியை நடத்துகிறவர்கள் பிரியப்பட்டுக் கொடுக்கிற இடமும் ஒன்றிரண்டு உண்டு. அவர்களுக்கு நம் மேல் பிரியம் வர வழியில்லை. மிச்சமிருப்பது வெயிட்டிங் லிஸ்ட். முக்கியப் போட்டிக்கு முன்னால், அதே ஊரில் தகுதிச் சுற்று நடத்தி, ஜெயிக்கிறவர்களுக்குக் கடைசி இடங்களைக் கொடுப்பார்கள்.

அந்தச் சுற்றில் ஆடவும் நம் நாட்டுச் சங்கத்தின் சிபாரிசு வேண்டும். பதிவான மன்றத்தில் உறுப்பினராக இருக்க வேண்டும். 'ஹேண்டிகேப்' என்று ஓர் எண் கொடுப்பார்கள், அது ஒரு வரம்புக்குக் கீழே இருக்க வேண்டும். ஜெயிக்க ஜெயிக்க அந்த எண் குறையும். செலவைத் தவிர வேறு எதையாவது குறைத்தால் நல்லது என்று எங்கள் கம்பெனியில் நான் கேள்விப்பட்டது அதுதான் முதல் முறை. ஜெயித்ததற்குச் சாட்சி, மன்றச் செயலாளர் சான்றளித்த ஆட்டப் பதிவேடு.

ரஃப் நோட்டை மேலாளர் மேஜைமேல் வைத்தேன். புரட்டினார்.

"யாரு இவங்க, எல்லாப் பக்கத்துலயும் இருக்காங்க?"

"புல்லு வெட்டற அம்மா சார்."

"ஜெயிச்சிருக்காங்களே."

"ஆமா சார். அவங்களையே அனுப்பலாம். பாஸ்போர்ட் எடுத்தா போதும்."

இதை நான் சொன்னேன் என்பதைத் தயவுசெய்து ஒரு ஓரமாகக் குறித்துக்கொள்ளுங்கள். இதற்கப்புறம் ரொம்ப நேரத்துக்கு என் வரவுப் பக்கத்தில் எழுத ஒன்றும் இல்லை.

மேலாளர் கண்ணாடியைக் கழற்றினார். "புரிஞ்சுதான் பேசறீங்களா? காண்டிராக்ட் ஆளோட பேரு, கம்பெனி லெட்டர்ஹெட்ல, பத்து மாசத்துக்குத் தேதி வாரியா. லேபர் கேஸுக்கு இதைவிட நல்ல எவிடன்ஸ் நம்மளே தயார் பண்ணிக் குடுக்க முடியாது. இதுல பாதித் தேதியில அவங்க பிரேக்ல இருக்காங்க. பிரேக்ல இருக்கறவங்க இங்க எப்படி ஆடுவாங்க?"

"ஆடுனாங்க சார்."

"ஆடல."

பிறகு மேலாளர் குரலைத் தணித்தார். "ஆட்டம் நிஜம். ஸ்கோர் நிஜம். ஜெயிச்ச ஆளோட பேரை மட்டும் மெம்பர் லிஸ்ட்ல இருக்கற ஆளா மாத்திடுங்க. உங்க பேரு."

"அப்ப தோத்தது யாரு சார்?"

"என் பேரைப் போட்டுக்குங்க."

அந்தப் பெருந்தன்மையை நான் மறக்க மாட்டேன்.

எங்களுக்கு இது புதிதல்ல. ஆடிட் வருகிறது என்றால் விட்டுப்போன பதிவேடுகளை எல்லாம் உட்கார்ந்து எழுதி நேர் செய்வது எங்கள் தொழிலில் ஒரு தனிக் கலை. இரண்டு மதிய இடைவேளைகளில் புதிய பதிவேட்டை எழுதி முடித்தேன். வேறு வேறு நாளில் எழுதியதாகத் தெரிய மூன்று பேனா மாற்றினேன். இரண்டு பக்கத்தில் டீ சொட்டு வைத்தேன். நான் தோற்ற ஆட்டங்களில் எல்லாம் நான் ஜெயித்தேன், ஒருநாளும் ஆடாத மேலாளர் எல்லா நாளும் தோற்றார். கீழே செயலாளர் என்று நானே சான்றளித்தேன். எழுதும்போது ஜன்னலுக்கு வெளியே அந்த அம்மா ஹோஸ் பைப்பை இழுத்துக்கொண்டு போனார். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் வெளிநாடு போனதே இல்லை நான்.

"அந்த ரஃப் நோட்டைக் கிழிச்சுப் போட்டுடுங்க" என்றார் மேலாளர். சரி என்றேன். கிழிக்கவில்லை. மனசாட்சி என்று நினைக்க வேண்டாம். பழைய நோட்டைத் தூக்கிப் போட எங்கள் துறை ஆட்களுக்குக் கை வராது, அவ்வளவுதான். மேஜை டிராயரின் அடியில் போட்டுப் பூட்டினேன்.

தெற்கிலிருந்து இதுவரை யாருமே விண்ணப்பித்ததில்லையாம். சங்கத்தில் ஆனந்தப்பட்டு, ஹேண்டிகேப் அட்டையும் சிபாரிசுக் கடிதமும் உடனே அனுப்பிவிட்டார்கள். பலகையில் போட்டோ ஏறியது. அந்த அம்மா அதன் முன்னால் நின்று பார்த்துவிட்டு, "போட்டோ நல்லா கீது சார்" என்றார்.

நான் விமானம் ஏறுவதற்கு முந்தின நாள், வளையங்களை நட்டுக்கொண்டே கேட்டார்.

"சார், அந்த நோட்டு கீதா?"

"இன்னாத்துக்கும்மா?"

"எங்க ஊட்டாண்ட யூனியன்ல கீறவரு ஒருத்தரு கீறாரு. நிரந்தரம் கேக்கலாம், ஆனா நீ அங்க வேல செஞ்சதுக்கு எதுனா எயுத்துல வேணும்ன்றாரு. பாஸு எம்பேர்ல இல்ல. சம்பளம் கையில குடுக்கறான். யோசிச்சிப் பாத்தேன். இந்தக் கம்பெனில எம்பேரு ஒரே எடத்துலதான் கீது. உன் நோட்டுல."

அந்த நோட்டு வெளியே போனால் நான் அனுப்பிய பதிவேடு பொய் என்றாகும். அட்டை போகும், டிக்கெட் போகும், வேலையும் போகலாம். ஆறு வருஷ உழைப்புக்கு அந்த அம்மா கேட்டது கோடு போட்ட நாற்பது பக்க நோட்டு. பத்தடி தூரத்தில் என் டிராயரில்தான் அது இருந்தது.

"போய்ட்டு வந்து தரேம்மா."

"எத்தினி நாளு?"

"பத்து நாளு."

"பத்து நாள்ல இன்னா ஆய்டப் போவுது. போய்ட்டு வா சார்."

போட்டி நடந்த ஊர்ப் புல்வெளியைப் பார்த்ததும் எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. ஒரு பக்கமும் சாயாத தரை. பந்து அடித்த திசையில் நேராகப் போனது, என் பிரச்சினையே அதுதான். பத்து மாதமாக அந்த அம்மாவைப் பார்த்துப் பார்த்து மேற்கே தட்டப் பழகிவிட்டேன். அங்கே மேற்கே தட்டினால் பந்து மேற்கே போய்விட்டது. முதல் ஆட்டம் ஏழுக்குப் பூஜ்யம். இரண்டாவது ஏழுக்கு ஒன்று, அந்த ஒன்றும் எதிராளி கை தவறித் தன் பந்தால் என் பந்தை வளையத்துக்குள் தள்ளிவிட்டதால் வந்தது. ஆடிய எல்லாவற்றிலும் தோற்று, இரண்டாம் நாள் மத்தியானமே தகுதி இல்லை என்று முறைப்படி நிரூபித்துவிட்டேன்.

காதில் கருவி மாட்டிய வயசான எதிராளி ஒருவர் என் அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கேலியாக இல்லை, உண்மையான அக்கறையோடுதான் கேட்டார். பத்து மாதத்தில் இவ்வளவு முன்னேற்றமா, உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது யார் என்று. நானே கற்றுக்கொண்டேன் என்றேன். கடல் தாண்டிப் போயும் அந்த அம்மாவின் பெயரை என் வாய் சொல்லவில்லை. அன்றைக்கு என்னை நினைத்தால் எனக்கே அருவருப்பாக இருந்தது.

திரும்பி வந்த அன்று புல்வெளியில் வேறு யாரோ தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார்கள். வளையங்கள் கோணலாக நின்றன. விசாரித்தேன். நான் போன மூன்றாம் நாள் அந்த அம்மாவை கேட்டிலேயே நிறுத்தி, இனிமேல் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். காகிதம் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று யாரோ மேலாளரிடம் போட்டுக்கொடுத்திருக்கிறார்கள். மேலாளர் என் கையைக் குலுக்கி, "பார்ட்டிசிபேஷன்தான் முக்கியம்" என்றார். நான் போய் டிராயரைத் திறந்து நோட்டை எடுத்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டேன்.

ஆரம்பாக்கம் போகிற வழியில் உள்ளடங்கி இருந்தது அவர் வீடு. தெருக்குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் குடத்தை ஓரமாக வைத்தார்.

"ஜெயிச்சியா சார்?"

"ஒண்ணுகூட இல்லம்மா."

"ஏன், மேக்கால தட்டல?"

"தட்டுனேன். அங்க புல்லு சாயல."

"அப்ப நானும் தோத்துதான் இருப்பேன். வுடு சார்."

திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நோட்டை நீட்டினேன். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வாங்கினார்.

"இத்தக் குடுத்தா உனுக்கு பேஜாரு ஆவாதா?"

"ஆவும்."

"அவுங்க கூப்புட்டாங்கன்னா வந்து இது உன் கையெயுத்துதான்னு சொல்லணும் சார். அதுக்கு வரியா?"

நோட்டைக் கொடுத்தால் தீர்ந்தது என்று நினைத்துக்கொண்டு வந்தவன் நான். வரேன் என்று சொல்ல எனக்குக் கொஞ்சம் நேரம் ஆனது.

விசாரணை திருவள்ளூரில், தொழிலாளர் அதிகாரி முன்னால். எங்கள் மாவட்டத்தின் தலைநகருக்கு ரயிலில் போக வேண்டுமானால் நாங்கள் சென்னைக்குப் போய்த் திரும்பி வர வேண்டும். போய்ச் சேர்ந்தபோது கம்பெனி வக்கீல் நான் எழுதிய புதிய பதிவேட்டை மேஜைமேல் வைத்துவிட்டிருந்தார். இது கம்பெனியின் அதிகாரபூர்வ ஆவணம், நாட்டுச் சங்கமே ஏற்றுக்கொண்டது, இதில் இந்த அம்மாவின் பெயர் ஓரிடத்திலும் இல்லை என்றார். யூனியன்காரர் பக்கத்திலேயே ரஃப் நோட்டை வைத்தார்.

அதிகாரி இரண்டையும் திறந்து, ஒரு விரலை இதிலும் ஒரு விரலை அதிலும் வைத்துக்கொண்டு வரி வரியாக இறங்கினார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ரெண்டுலயும் உங்க கையெழுத்து இருக்கு. தேதி ஒண்ணா இருக்கு, ஸ்கோர் ஒண்ணா இருக்கு, பேரு மட்டும்தான் வேற. எது நெஜம்?"

மேலாளர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு ரிட்டயராக இன்னும் மூன்று வருஷம். பலகையில் இருந்த போட்டோ ஞாபகத்துக்கு வந்தது.

"ரஃப் நோட்டுதான் சார் நெஜம்" என்றேன். "அந்தத் தேதியில எல்லாம் அவங்க அங்க இருந்தாங்க. அவங்கதான் ஆடுனாங்க, அவங்கதான் ஜெயிச்சாங்க. நான் எல்லாத்துலயும் தோத்தேன். இன்னொண்ணு நான் உக்காந்து எழுதுனது."

அதிகாரி எழுதத் தொடங்கினார். எதிர் பெஞ்சில் இருந்து அந்த அம்மா கையைத் தூக்கினார்.

"அப்பிடி இல்ல சார். எல்லாத்துலயும் இல்ல. மூணு தபா அவுரும் ஜெயிச்சாரு. மொதோ ரெண்டு நாளும், எனுக்கு ஜுரமா இருந்தன்னிக்கும். நோட்டுல கீது பாருங்க."

அதிகாரி பேனாவை வைத்துவிட்டு நோட்டின் முதல் பக்கத்தைப் புரட்டினார். இருந்தது.